உச்சம் பார்க்கிறவர்

சோதித்துப் பார்க்கிறவர் என்று மனிதரில் ஒரு வகை உண்டு. உங்களுக்கும் தெரிந்தவர்தான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்துத் தொங்குவார். செருப்புக் கடையில் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு, கடைக்காரர் வாயைப் பிளக்க, நின்ற இடத்திலேயே குதித்துப் பார்ப்பார். 'பெயின்ட் காயவில்லை' என்று எழுதிப் போட்டிருக்கும் சுவரை விரலால் தொட்டு, ஆமாம், காயவில்லைதான் என்று உறுதி செய்துகொண்டு, அந்த விரலை எங்கே துடைப்பதென்று தெரியாமல் தெருவெல்லாம் அலைவார். இதோடு நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. நிற்காதே! பூட்டும் செருப்பும் சுவரும் முடிந்தபின் மனிதர்களிடம் வருவார். நல்ல பொறுமைசாலியா? கொஞ்சம் காக்க வைத்துப் பார்ப்போம். ரோஷக்காரரா? கொஞ்சம் சீண்டிப் பார்ப்போம். மாட்டியவர் முகம் சுளித்து, "என்னங்க இது?" என்று கேட்டால் கையை விரித்து ஒரு சிரிப்பு. "சும்மாதான். எவ்வளவு தாங்குதுன்னு பாத்தேன்."

இந்த இனத்துக்கே தலைவர் என்று சொல்லத்தக்க ஒருவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'உச்சம்'. முதலில் முதுகுக்குப் பின்னால் அழைத்தார்கள். பிறகு முகத்துக்கு நேரே. கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து, "உச்சம் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

பெயருக்குக் காரணம் அவர் வேலை. கைபேசிக் கோபுரங்களில் சிக்னலின் சக்தியைக் கூட்டுவதற்காக வைக்கிற ஆம்ப்ளிஃபையர்களைச் சோதித்து, இது தேறும், இது தேறாது என்று அறிக்கை கொடுப்பவர் அவர். நீங்கள் கைபேசியில் பேசுகிற பேச்சு ஒரே அலையில் ஏறிப் போவதில்லை. நூற்றுக்கணக்கான சின்ன அலைகள் அதைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் தூக்கிச் செல்கின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் பரம சாது. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும், மொத்தத்தில் சரியாகப் போய்விடும். ஆனால் எப்போதாவது, கண்ணிமைப்பதற்குள் வந்து போகிற ஒரு துளி நேரத்தில், எல்லா அலைகளும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒன்றாக ஏறிவிடும். அப்போது சிக்னலின் சக்தி சராசரியைப்போலப் பத்து மடங்குகூட எகிறும். அதுதான் உச்சம். ஆம்ப்ளிஃபையர் என்ன செய்யும், பாவம்? தாங்க முடியாமல் உச்சியை மழுக்கிவிடும். பேச்சு கலங்கும். போதாக்குறைக்குப் பக்கத்து அலைவரிசையில் ஒரு பாவமும் அறியாமல் பேசிக்கொண்டிருப்பவர் காதிலும் இரைச்சல் தெறிக்கும்.

ஆகவே சராசரியை மட்டும் அளந்து கையெழுத்துப் போட்டால் போதாது. உச்சம் எவ்வளவு உயரம், எத்தனை தடவைக்கு ஒரு தடவை வருகிறது என்றும் அளக்க வேண்டும். இது நியாயம். ஆனால் நம்மவர் நியாயத்தோடு நிற்கிறவரா? 'எத்தனை தடவைக்கு ஒரு தடவை' என்பது அவருக்குப் போதாது. இருப்பதிலேயே பெரிய உச்சத்தைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட வேண்டும். சிக்னலோ லேசுப்பட்டதல்ல. பார்க்கப் பார்க்க, முன்னதைவிட ஓரங்குலம் உயரமாக இன்னொன்று எங்கிருந்தோ தலை நீட்டும். எனவே அவருடைய சோதனைக்கூடத்தில் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், விசிறி இரைந்துகொண்டே இருக்கும், அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார், மேலாளர் அம்மா கதவருகே வந்து நின்றுகொண்டே இருப்பார்.

"சார், ரிப்போர்ட்?"

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் மேடம். பெரிசு ஒண்ணு வரப்போகுது."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்து வந்துதே! இது அதைவிடப் பெரிசு."

"பத்தாயிரத்துல ஒரு தடவை இந்த அளவைத் தாண்டும்னு எழுதினா போதும் சார். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"அந்த ஒரு தடவை நீங்க போன் பேசும்போது வந்துட்டா?"

மேலாளர் அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே போய்விடுவார்.

வீட்டில் இவர் சோதித்த முதல் ஆள் மனைவி. மருந்துக்கடை நடத்துகிறவர். கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எதிர்த் தெருக் கடையில் ஒளிந்து நின்று, மழையில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்த்தார். அந்த அம்மாள் நின்றாரா? வந்த முதல் பேருந்தில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார். நம்மவர் குடையை எறிந்துவிட்டுப் பேருந்தின் பின்னால் ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் சம்மதித்ததாக அந்த அம்மாள் இன்றும் சொல்வார். "நான் ஒண்ணும் சோதிக்கல. அவரா ஓடினார்."

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். எலும்பும் தசையும் பிசகியவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைக்கிற ஃபிசியோதெரபிஸ்ட். ஒருநாள் மாலை, அப்பாவும் அம்மாவும் டீ குடித்துக்கொண்டிருக்கையில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

அம்மா கேட்டது, "யாரும்மா?" அப்பா கேட்டது, "கோவம் வருமா?"

"பாலர் பள்ளியில வாத்தியார்மா. கோவமா? நான் பாத்ததே இல்லப்பா."

"எவ்வளவு நாளா பாக்கறே?"

"ரெண்டு வருஷமா."

"பத்தாது" என்றார் உச்சம்.

மனைவி டீயைக் கீழே வைத்தார். "ஏங்க, அவ என்ன ஆம்ப்ளிஃபையரா கொண்டு வர்றா?"

"இரு, இரு. ரெண்டு வருஷம் சாதுவா இருந்தான்னா என்ன அர்த்தம்? சராசரி நல்லா இருக்குன்னு அர்த்தம். உச்சம் இன்னும் வரலை. அவ்வளவுதான்."

கேலி செய்வதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். அவர் குரலில் வேடிக்கை இல்லை. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தொட்டிலை ஆட்டி ஆட்டி, கால்கள் தாங்குகின்றனவா என்று பார்த்து நர்ஸிடம் திட்டு வாங்கியவர் அவர். அந்தத் தொட்டிலில் கிடந்தவள் இப்போது வேறொரு வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். அந்த வீட்டின் கால்களை யார் ஆட்டிப் பார்ப்பது?

வாத்தியார் வந்தார். வருவதற்கே நேரமாயிற்று, ஏனென்றால் தொலைபேசியில் வழி கேட்டவரிடம், இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம் என்று சொல்லியிருந்தார் உச்சம். வெயிலில் சுற்றி அலைந்து, சட்டை முதுகோடு ஒட்ட வந்து சேர்ந்தவர், "வழியில ஒரு நல்ல பூங்கா இருக்கு சார், நீங்க மாத்திச் சொன்னதால பாத்தேன்" என்றார் மலர்ந்த முகத்துடன். சரி, இது போகட்டும். ஒரு கால் குட்டையான நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். வாத்தியார் இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்தார், பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடித்துக் காலுக்கடியில் சொருகினார், உட்கார்ந்தார். இதுவும் போகட்டும்.

"என்ன வேலை பாக்கறீங்க தம்பி?"

"பாலர் பள்ளியில வாத்தியார் சார்."

சற்று நேரம் வேறு பேச்சு. பிறகு, "ஆமா, என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"பாலர் பள்ளியில சார். மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைங்க."

மறுபடி. மறுபடியும். ஒவ்வொரு முறையும் வாத்தியார் முதல்தடவை கேட்பதுபோலக் கண் விரியப் பதில் சொன்னார், ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளையின் குறும்பைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார். மனைவி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். உச்சமோ கவலையில் ஆழ்ந்தார். இவ்வளவு நல்லவன் எப்படி இருக்க முடியும்?

வாத்தியார் போனபின் அவருக்குத் தொழில்ரீதியாக ஒன்று உறைத்தது. தனித்தனியாகத் தொந்தரவு கொடுத்தால் யாரும் தாங்கிக்கொள்வார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து வர வேண்டும். அப்போதல்லவா ஆள் தெரியும்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு நடந்தது. பெட்டி பெட்டியாக வந்து, வீட்டிலேயே பொருத்திக்கொள்ள வேண்டிய மர அலமாரி ஒன்றை வாங்கினார், உதவிக்கு வாத்தியாரை அழைத்தார். கதவுக் கீலுக்கான ஒரு திருகாணியை மட்டும் எடுத்துத் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூடத்து மின்விசிறியின் ஒயரைக் கழற்றிவிட்டு, ரிப்பேர் என்றார். "இன்னிக்கு சமையல் நான்" என்று அறிவித்துவிட்டு அடுப்புப் பக்கமே போகவில்லை. யாரைக் கண்டாலும் குறுக்கு விசாரணை செய்கிற, வக்கீலான தன் அக்காவை விருந்துக்குக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக சாக்ஸபோன் பழகுகிறவர், மற்ற நாளெல்லாம் ஜன்னலைச் சாத்தச் சொல்லி இவரே சண்டை போடுவார், இப்போது அவரிடம் போய், "ஞாயிற்றுக்கிழமை காலைல தாராளமா ஜன்னலைத் திறந்து வச்சு வாசிங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாம் ஒன்றாகத் தொடங்கியது. சாக்ஸபோன் அலறியது. கூடம் வெந்தது. திருகாணி ஒன்று குறைந்தது. அக்கா விரலை நீட்டினார்.

"ஏம்ப்பா, படிச்ச படிப்புக்கு வேற வேலையே கிடைக்கலையா உனக்கு? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு."

உச்சம் மூலையில் உட்கார்ந்து வாத்தியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் என்ன செய்தது? சிரித்தது. "இதைத்தான் கேட்டு வாங்கினேன் மேடம். அப்புறம், உங்க கண்ணு ரொம்பக் கூர்மையா இருக்கே, இந்தத் திருகாணியெல்லாம் அளவு வாரியாப் பிரிச்சுத் தர்றீங்களா? எங்கயோ ஒண்ணு குறையுது." உலகத்தையே விசாரிக்கிற அக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து திருகாணி பொறுக்கினார். வாத்தியார் பெட்டியின் அட்டையைக் கிழித்து ஆளுக்கொரு விசிறி செய்து கொடுத்தார். சாக்ஸபோனுக்கு ஒத்துச் சீட்டியடித்தார். பசிக்கிற நேரத்தில் பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து வைத்தார். "எங்க பள்ளிக்கூடத்துல இந்த நேரத்துக்கு ஏதாவது வாயில போடலைன்னா கலவரம் சார்."

எல்லோரும் சாப்பிட்டார்கள். உச்சம் தொடவில்லை. சோதனை நடக்கையில் சாப்பிடுவதா?

இங்கேதான் அவர் கணக்குப் பிசகியது. எத்தனை தொந்தரவை ஏற்பாடு செய்தாரோ அத்தனையும் அந்தக் கூடத்தில் ஒரே ஒருவர் மேல்தான் முழுசாக இறங்கிக்கொண்டிருந்தது. பசி அவருக்கு. வியர்வை அவருக்கு. சாக்ஸபோன் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி தப்பு செய்தபோது பல்லைக் கடித்தவர் அவர். பைக்குள் இருந்த திருகாணி தொடையில் குத்தியது. அக்கா நிமிர்ந்து பார்த்து, "இவன் சின்ன வயசுலேர்ந்து எதையும் உருப்படியா முடிச்சதில்ல" என்றார். மனைவி, "சமையல் என்னாச்சுங்க?" என்றார். கைபேசி அடித்தது. மேலாளர் அம்மா, "ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும் சார், அந்த ரிப்போர்ட்…" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, ஒரு திருகாணி குறைந்ததால் ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்த அலமாரிக் கதவு கழன்று, நேராக உச்சத்தின் இடது காலில் இறங்கியது.

"எல்லாரும் வாய மூடுங்க!"

சாக்ஸபோன்கூட நின்றுவிட்டது.

"இது வீடா சந்தையா? ஒருத்தருக்காவது அறிவிருக்கா? அக்கா, நீ உன் வீட்டுக்குப் போ! சமையல், சமையல், ஒரு நாள் சாப்பிடலைன்னா செத்தா போயிடுவீங்க?" மகள் பதறி அவர் காலைப் பார்க்கக் குனிந்தாள். அவளையும் விடவில்லை. "உனக்கு ஊர் உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா? பிள்ளைங்களுக்கு மூக்குத் தொடைச்சு விடறவனைப் போய் இழுத்துட்டு வந்திருக்கியே!"

வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர், கையில் சாக்ஸபோனோடு, வெளுத்த முகத்தோடு. "நீங்கதானே சார் வாசிக்கச் சொன்னீங்க?"

உச்சம் வியர்வையைத் துடைக்கக் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். அதோடு சேர்ந்து அந்தத் திருகாணியும் வந்தது. தரையில் விழுந்து, எல்லோரும் பார்க்க உருண்டு, அக்காவின் முழங்காலில் முட்டி நின்றது.

"இதோ! நாம தேடினது!" என்று கூவிய அக்கா, அடுத்த கணம் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

மகள் அதைக் கையில் எடுத்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. அவள் கத்தியிருந்தால் தேவலை. உதடு துடிக்க, குழந்தைபோல அழத் தொடங்கினாள்.

வாத்தியார் எழுந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"சார், என்னை என்ன வேணா சொல்லுங்க. என்ன வேணா பண்ணுங்க. இவங்களை அழ வச்சது சரியில்ல. இனிமே இப்படி நடந்தா நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

அறை சில்லிட்டுவிட்டது. உச்சத்துக்கு உள்ளூர ஒரு துள்ளல். இதுதான்! இதைத்தான் இத்தனை நாளாகத் தேடினார். வந்துவிட்டது, அதுவும் எவ்வளவு நேர்த்தியாக, எவ்வளவு சரியான இடத்தில்! ஆனால் அதை யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது? மகள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் அத்தை வீட்டுல இருக்கேன்மா."

எல்லோரும் போனபின் மனைவி மின்விசிறியின் ஒயரைத் தானே மாட்டி, சுவிட்சைத் தட்டி, அதன் கீழே உட்கார்ந்து மிச்சமிருந்த வாழைப்பழத்தை உரித்தார். "பாத்தாச்சா? உச்சம் யாருக்குன்னு தெரிஞ்சுதா?"

ஒரு வாரமாக மகள் வரவில்லை. போனை எடுக்கவில்லை. உச்சம் சோதனைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் உச்சங்கள் வந்து போயின. அவர் பார்க்கவில்லை. கால் வீங்கிப் போயிற்று. எலும்பு முறியவில்லை, பிடிப்பு விட ஃபிசியோதெரபி செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, அடிபட்டவர் யாருக்கும் வராத மகிழ்ச்சி அவருக்கு வந்தது. நொண்டிக்கொண்டே மகள் வேலை செய்யும் இடத்துக்குப் போய், வரிசையில் உட்கார்ந்தார்.

"உள்ள வாங்க. காலை நீட்டுங்க." அப்பா என்ற வார்த்தை இல்லை.

நீட்டினார். அவள் கட்டைவிரலால் கணுக்காலை அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். "இப்ப?"

கண்ணில் நீர் வந்துவிட்டது. "எவ்வளவு தாங்கறேன்னு பாக்கறியா?"

"ஆமா." அவள் விரலை எடுக்கவில்லை. "எப்படி இருக்கு? ஒருத்தர் வேணும்னே அழுத்திக்கிட்டு, உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா எப்படி இருக்கு?"

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர் முழங்காலை மடக்கி நீட்டி முனகிக்கொண்டிருந்தார்.

"தப்புதாம்மா" என்றார் கடைசியில். "எனக்கு பயம். என் கண்ணு முன்னாடி அவனுக்குக் கோவம் வந்தா நான் இருக்கேன். நான் இல்லாத ஒரு நாள் வந்துட்டா?"

மகளின் விரல் தளர்ந்தது. "அப்ப நான் இருப்பேன்ல அப்பா?"

அப்பா! அந்த ஒரு சொல்லுக்காக மற்றக் காலையும் நீட்டத் தயாராயிருந்தார் அவர்.

"நான் தினமும் எத்தனை முரட்டு ஆளுங்களைத் தூக்கி நிறுத்தறேன் தெரியுமா? என்னை எவனும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம், அப்படியெல்லாம் பேசினதுக்கு அவர்கிட்ட நீங்களே மன்னிப்புக் கேக்கணும். நான் சொல்ல மாட்டேன்."

கேட்டார். அன்று மாலையே, பாலர் பள்ளி விடும் நேரத்துக்கு, ஒரு காலில் செருப்பும் மறு காலில் கட்டுமாக வாசலில் போய் நின்றார். பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள், அவருக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. நடுவில் வாத்தியார், இடுப்பில் ஒரு பிள்ளை, சட்டையைப் பிடித்தபடி நாலு பிள்ளைகள்.

"தம்பி, நான் அன்னிக்கு… அதுக்கு முன்னாடியும்… வழியக்கூட வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்."

"தெரியும் சார். ஒரே கேள்விய திரும்பத் திரும்பக் கேட்டீங்களே, அப்பவே தெரிஞ்சுது. புதுசா சேர்ற பிள்ளைங்க முதல் வாரம் இதேதான் பண்ணும். கடிக்கும், கிள்ளும், நாம ஓடிப் போறோமான்னு பாக்கும்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஓட மாட்டோம். அவ்வளவுதான்."

உச்சம் தரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அலமாரி அப்படியே கிடக்கு. ஞாயித்துக்கிழமை வந்தா முடிச்சிடலாம். திருகாணி எல்லாம் சரியா இருக்கு" என்றார்.

"வர்றேன் மாமா" என்றார் வாத்தியார்.

மறுநாள் காலை மேலாளர் அம்மாவின் மேசையில் அறிக்கை இருந்தது. பத்தாயிரத்தில் ஒரு தடவை இவ்வளவு தாண்டும், ஏற்கத்தக்கது, கையெழுத்து. மேலாளர் அம்மா உண்மையான கையெழுத்துத்தானா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம். அலமாரி நின்றது. கல்யாணம் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாக்ஸபோன் வாசித்தார், யாரும் அவரை நிறுத்தவில்லை. உச்சம் முழுக்கத் திருந்திவிட்டாரா என்றால், கல்யாண மண்டபத்து நாற்காலிகளை முதல் வரிசையில் ஆட்டிப் பார்த்ததை மனைவி பார்த்தார். இரண்டாவது வரிசைக்கு விடவில்லை.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று பெருமூச்சு விடுகிறீர்களா? விடுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் நண்பர் அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, பதில் எழுதத் தெரிந்தும் நேரமிருந்தும் எழுதாமல், கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தீர்களே, அது எதற்கு? இன்னொரு தடவை கேட்கிறாரா என்று பார்க்கத்தானே? அவர் இன்னும் கேட்கவில்லை, அதில் உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. எடுத்து ஒரு வரி எழுதிவிடுங்கள் ஐயா. அந்தப் பக்கம் அவரும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.